வரைபடத்தில் வராத போன்கள்

டெலிபோன்காரன் பிழைப்பு என்பது, தன் வீட்டில் போன் இல்லாமலே ஊரார் வீட்டுப் போனுக்காகத் திட்டு வாங்குகிற பிழைப்பு.

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, போனைத் தட்டித் தட்டி, "அலோ... அலோ..." என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்ச் சேதி சொன்னவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் கம்பியின் அந்த முனையில் பட்ட பாட்டை நான் இந்த முனையில் பட்டேன். ஆகவே நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் பழைய எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டுப் புதியதற்கு மாறுவது என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையதை வெட்டிவிட்டு, உடனே புதியதற்கு உயிர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், ஊரில் உள்ள ஒவ்வொரு போனும் எந்தக் கம்பி வழியாகக் கிளம்பி, எந்தத் தெருப் பெட்டியில் நுழைந்து, எந்தக் கம்பத்தில் ஏறி, யார் வீட்டில் இறங்குகிறது என்று முழு வரைபடம் தயாராக வேண்டும். வரைபடத்தில் ஏறாத போன் அன்றோடு செத்துப்போகும். எங்கள் ஆபீசர் வரதராஜன் சுவர் கொள்ளாத ஒரு தாளை ஒட்டிவைத்து, "ஒரு கோடு விட்டுப்போனாலும் உங்களை விடமாட்டேன்" என்றார்.

வேலை நடக்கும் விதம் இதுதான். நான் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஒரு ஜோடிக் கம்பியில் 'கூ' என்று ஒரு சத்தத்தை அனுப்புவேன். அதற்கு டோன் என்று பெயர். கேபிள் வேலையில் ஊறிப்போன எங்கள் கரீம் பாய் தெருப் பெட்டியைத் திறந்து, டெஸ்ட் போனின் கிளிப்பை ஒவ்வொரு முனையிலும் மாட்டி, அந்தக் 'கூ' எங்கே கேட்கிறது என்று தேடுவார். கேட்டால் தாளில் ஒரு கோடு. பிறகு அந்த நம்பருக்கு நான் மணி அடிப்பேன். வீட்டில் யாராவது எடுத்துப் பேசினால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிக். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது.

சுவருக்கு இரண்டு பக்கமும்

நெல்லித்தோப்பில் ஒரு நம்பருக்கு மணி அடித்தேன். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் "அலோ" என்றார்கள். வரைபடத்தின்படி ஒரு நம்பர், ஒரு கம்பி, ஒரு வீடு. "பாய், உங்களுக்கும் ரெண்டு குரல் கேக்குதா?" என்று கேட்டேன். கம்பத்தில் இருந்த கரீம் பாய், "கேக்குது தம்பி. சக்காளத்தின்னு சொல்லலாம்னா, ரெண்டும் ரொம்ப ஒத்துமையா இருக்கு" என்றார். இருவரும் நேரில் போனோம். அது அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்ட வீடு. பிரிவினையில் மனஸ்தாபம் வந்து, கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பி, பேச்சுவார்த்தையையும் நிறுத்திவிட்டார்கள். போன் அண்ணன் பங்குக்குப் போயிருந்தது. "எனக்கு அந்தப் போனே வேணாம்" என்று தம்பி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாராம்.

கரீம் பாய் அண்ணன் வீட்டுப் போனிலிருந்து கம்பியை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். கம்பி வாசல்வரை ஒழுங்காக வந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து சமையலறைக்குள் போய், மிளகாய் டப்பாக்களுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நுழைந்தது. அந்தப் பக்கம், தம்பி வீட்டு அரிசி டின்னுக்குள், பழைய துணி சுற்றிய கறுப்புப் போன் ஒன்று குழந்தைபோலப் படுத்திருந்தது. துணி, மணிச் சத்தம் அமுங்குவதற்கு. ஆண்கள் இருவரும் அவரவர் கடைக்குக் கிளம்பியதும், ஓரகத்திகள் ஆளுக்கொரு ரிசீவரை எடுத்துக்கொண்டு, 'இன்றைக்கு என்ன குழம்பு' என்பதில் ஆரம்பித்து மத்தியானம்வரை பேசுவார்களாம். ஒட்டுப்போன் வைப்பது குற்றம் என்று எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மூத்தவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "அவங்க ரெண்டு பேரும் பேசாமயே இருந்துக்கட்டும் சார். போன் இன்னா பாவம் பண்ணுச்சி, அது ஏன் பேசாம இருக்கணும்?"

பதில் சொல்லாத மதாம்

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நம்பர் எங்களைப் படாதபாடு படுத்தியது. டோன் போகிறது. மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள். நான் "அலோ, டெலிபோன் ஆபீஸ்" என்று சொன்னதும் டக்கென்று வைத்துவிடுகிறார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நான் மூச்சு விட்டதற்கே வைத்துவிட்டார்கள். ஆபீசர் சிவப்புப் பென்சிலால் 'பதில் இல்லை' என்று எழுதினார். பதில் இல்லாத லைனுக்குப் புதிய எக்ஸ்சேஞ்சில் இடமில்லை. சரி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றாவது பார்ப்போம் என்று நானும் கரீம் பாயும் போனோம்.

கதவைத் திறந்தவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். கவுன், மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். போன் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தோம். "போனு நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ ஒரு முரடன் தெனம் காலையில கூப்புடுறான். வணக்கமும் கிடையாது, பொன்ழூரும் கிடையாது. எடுத்த எடுப்புல 'டெலிபோன் ஆபீஸ்'னு கத்துறான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மிசியே?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். முரடன் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான். கரீம் பாய்தான் பெரிய மனது பண்ணி, "பாத்தா சொல்றோம் மதாம்" என்று என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சில், "பொன்ழூர், மதாம்" என்றேன். அந்தப் பக்கம் பாகு காய்ச்சியது மாதிரி ஒரு குரல். என் உடம்பு எப்படி என்று கேட்டார். வெயிலைப் பற்றிச் சொன்னார். நாய்க்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லையாம், அதையும் விவரமாகச் சொன்னார். நான் வைக்க முடியவில்லை. வைத்தால் மறுபடி முரடனாகிவிடுவேன். தெருப் பெட்டியருகே வெயிலில் நின்று நாயின் வயிறுவரை கேட்டுக்கொண்டிருந்த கரீம் பாய் கடைசியில் சொன்னார்: "லைன் நல்லாத்தான் இருந்திருக்கு தம்பி. நம்ம பக்கம் மரியாததான் கட்டாகிக் கெடந்திருக்கு."

ஒரே கம்பியில் மூன்று பேர்

பழைய பதிவேட்டின்படி மூன்று பெயர்களில் மூன்று போன்கள் இருந்தன: அந்துவான், அந்தோணிசாமி, ராசு. ஆனால் எந்தப் பெயருக்கு டோன் அனுப்பினாலும் அது ஒரே வீட்டில்தான் கேட்டது. "மற்ற இரண்டு எங்கே?" என்று ஆபீசரே எங்களோடு கிளம்பிவிட்டார். தெருவுக்கும் பிரெஞ்சில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். அதனால் அதே தெருவைத் தேடிக்கொண்டு அதே தெருவில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்தோம். கடைசியில் டோன் கேட்ட வீட்டுக் கதவையே தட்டினோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா, மீசையை நீவியபடி வந்தார்.

"இங்க அந்துவான்னு..." என்று ஆபீசர் ஆரம்பித்தார். "நான்தான்." "அந்தோணிசாமி?" "நான்தான்." ஆபீசர் குரலைத் தாழ்த்தி, "அப்போ ராசு?" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யோவ் ராசு, யாரு வந்திருக்கிறது?" என்று கேட்டது. சொல்தா நிமிர்ந்து நின்று சொன்னார்: "பென்ஷன் குடுக்கிறவனுக்கு அந்துவான், சர்ச்சுல அந்தோணிசாமி, எம் பெஞ்சாதிக்கு ராசு. உங்களுக்கு யாரு வேணும்னு சொல்லுங்க மிசியே, அவர அனுப்புறேன்."

காலையில் இல்லை, மதியம் உண்டு

கனகசெட்டிக்குளம் புதுச்சேரி எல்லைதான் என்றாலும், டவுனிலிருந்து அங்கே போகும் வழியில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு குறுக்கே வந்துபோகும். அங்கே மீனுக்கு ஐஸ் விற்கும் டிப்போ வைத்திருந்தவர் கன்னியம்மா. டவுனுக்குப் போன் போட்டு ஐஸ் சொல்லவேண்டிய காலை நேரத்தில் போன் செத்துவிடும் என்பது அவருடைய பல நாள் புகார். "ஐஸு வர்றதுக்குள்ள மீனு கெட்டுப்போவுது, எம் பொழப்பும் கெட்டுப்போவுது" என்று மத்தியானம் போன் பண்ணி அழுவார். மத்தியானம் போன் மணியாகப் பேசும். நாங்கள் டோன் அனுப்பிச் சோதிப்பதோ காலையில். அப்போது டோன் பாதி வழியில் எங்கேயோ கரைந்துவிடும். எங்கள் ஆபீசர் அந்தப் பக்கத்து ஆபீசுக்கு எழுதினார். "கம்பம் எங்களுடையது, நன்றாக இருக்கிறது. கம்பி உங்களுடையது" என்று பதில் வந்தது. இவர், "கம்பி நன்றாக இருக்கிறது. கம்பத்தைப் பாருங்கள்" என்று திருப்பி எழுதினார். தாளில் அந்த லைன் எல்லைக்கோட்டோடு நின்றுபோயிருந்தது. மாற்றும் நாளும் நெருங்கிவிட்டது.

ஒரு காலை நானும் கரீம் பாயும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கம்பியின் கீழேயே சைக்கிள் மிதித்தோம். கழுத்து வலித்ததுதான் மிச்சம், தமிழ்நாடு முழுக்கக் கம்பி ஒழுங்காகவே இருந்தது. கனகசெட்டிக்குளத்தில் டிப்போவுக்குக் கொஞ்சம் முன்னால், தென்னை மரங்களுக்கு நடுவில், கம்பத்துக்குக் கம்பம் தூரம் அதிகமானதால் இரண்டு செம்புக் கம்பிகளும் கைக்கு எட்டுகிற உயரத்துக்குத் தொங்கிவிட்டிருந்தன. அவற்றின்மேல் வரிசையாக ஈரப் புடவைகள். இரண்டு கம்பிகளையும் ஈரத்துணி சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பேச்சு எப்படிப் போகும்? மத்தியானம் காய்ந்ததும் எடுத்துவிடுவார்கள், போனும் பிழைத்துக்கொள்ளும். நடுவில் தொங்கிய பச்சைப் புடவை யாருடையது என்று கேட்டேன். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கன்னியம்மா புடவையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவருக்கு மூச்சு திரும்பவே நேரமாயிற்று. "ரெண்டு ஸ்டேட்டு ஆபீசருங்களும் பார்டரு எங்க பார்டரு எங்கன்னு அடிச்சிக்கினீங்களே சார், அது எம் பொடவயிலதான் இருந்திருக்கு!"

சாரத்தில் அடித்த முதல் மணி

சாரம் பகுதியில் கோவிந்தன் என்றொரு மில் தொழிலாளி. பம்பாயில் இருந்த மைத்துனர், "நானும் போன் போடுறேன், நீயும் போடு, வாரா வாரம் பேசலாம்" என்று சொன்னதை நம்பி மனுப் போட்டிருந்தார். பல வருஷம் காத்திருந்து இவருக்குப் போன் வந்துவிட்டது. மைத்துனருக்கு வரவில்லை. கோவிந்தனுக்குத் தெரிந்தவர்கள் யாரிடமும் போன் கிடையாது. ஆகவே அந்தப் போன் பின்னல் துணி போர்த்தி, குங்குமப் பொட்டு வைத்து, சாமி படங்களுக்குக் கீழே வாய் திறக்காமல் இருந்தது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். டோன் சரியாகக் கேட்டது என்று பாய் சொன்னதும், நான் வழக்கம்போல மணி அடித்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே கம்பத்தில் இருந்த பாய் சொல்லித்தான் தெரிந்தது, வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். "நீ பேசு." "நீ பேசு." "பொம்பள நான் இன்னா பேசுறது?" என்று பெரிய கிசுகிசுப்பு. பிறகு கோவிந்தன் மனைவி தனலட்சுமி, அழுகைக்குத் தயாரான குரலில், "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சாகலம்மா. டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். சும்மா டெஸ்ட்" என்றேன். அவர் திரும்பி, "யாரும் சாகலியாம்!" என்று அறிவித்தார். தெருவே கைதட்டிய சத்தம் எனக்கு எக்ஸ்சேஞ்சில் கேட்டது. ஒவ்வொருவராக ரிசீவரை வாங்கி, "அலோ, யாரும் சாகலியே?" என்று என்னிடமே உறுதி செய்துகொண்டார்கள். நானும் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சாகவில்லை என்றேன். டிக் போட்டுவிட்டு வைக்கப் போகும்போது தனலட்சுமி மறுபடி வாங்கிச் சொன்னார்: "நாளைக்கும் இதே நேரத்துக்கு, யாரும் சாகலன்னு ஒரு வார்த்த போன் பண்ணிச் சொல்லிடுங்க சார், மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

மாற்றிய நாள்

அந்த ஞாயிறும் வந்தது. வரதராஜன் சார் சலவைச் சட்டை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, முழுமையடைந்த வரைபடத்துக்கு முன்னால் மாப்பிள்ளைபோல நின்றார். பழைய எக்ஸ்சேஞ்சில் கரீம் பாய் வெட்டுக்கத்திரியோடு ஒவ்வொரு ஜோடியாகத் தாளோடு ஒத்துப்பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒரு ஜோடி அருகே நின்றுவிட்டார். "சார், இது ஒண்ணு தாள்ல இல்ல. ஆனா உசுரு இருக்கு" என்றார். "தாள்ல இல்லாதது நம்ம லைனே இல்ல, பாய். வெட்டுங்க" என்றார் சார். பாய் வெட்டினார். அடுத்த அறையில் இருந்த புதிய எக்ஸ்சேஞ்சில், அதுவரை லைன்களைத் தடுத்துவைத்திருந்த அடைப்புகளை நாங்கள் பிடுங்கினோம். ஊர் பேச ஆரம்பித்தது. எல்லாருக்கும் லட்டு வந்தது.

லட்டு பாதி கடித்திருப்போம், சைக்கிள் ரிக்ஷாவில் சார் வீட்டம்மா வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "நம்ம வீட்டு போன் செத்துப்போச்சு. பதினோரு மணிக்குத் திருச்சியிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுல ட்ரங்க் கால் போடறாங்க, மறந்துட்டீங்களா? பொண்ணு பிடிச்சிருக்கா இல்லையான்னு இன்னிக்குத்தான் சொல்லணும். எடுக்கலன்னா, நமக்குத்தான் இஷ்டமில்லன்னு போயிடுவாங்க" என்றார். கடிகாரம் பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாரின் கையிலிருந்த லட்டு கீழே விழுந்தது. அவர் மாற்றலாகி வந்த புதிதில் யாரோ அவசரத்துக்கு இழுத்துக் கொடுத்த லைன் அது. 'ஆபீசர் லைன்தானே' என்று யாரும் தாளில் ஏற்றவில்லை. "பாய், உடனே ஒட்டமுடியுமா?" என்றார். கரீம் பாய் கையை விரித்தார். "வெட்டுன முனை இங்க இருக்கு சார். அது யாரு மாடி மேல ஏறி எந்தத் தெருவுல எறங்குதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

சார் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் பெண்ணுக்கு ஏற்கெனவே ஓர் இடம் கைகூடி வந்து தவறியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டுக்கு நான் மாடிப்படி தாவி ஓடினேன். ஆபரேட்டர் ரோஸ்லின் ஏற்கெனவே திருச்சி ஆபரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நோ ரிப்ளை போட்டுடவான்னு கேக்குறாங்க" என்றாள். "போடவிடாத! சார் வீட்டுக் காலைக் கீழே நம்ம டெஸ்ட் மேஜைக்குத் திருப்பு" என்று கத்தினேன். ரோஸ்லின் கண் இமைக்காமல், "திருச்சி, லைன்ல இருங்க, வீட்டுக்காரங்க மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்களாம், எறங்கி வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியைச் செருகினாள்.

கீழே டெஸ்ட் மேஜையில் மணி அடித்தது. சார் எடுத்தார். பக்கத்தில் அவர் வீட்டம்மா காதை ஒட்டிக்கொண்டு நின்றார். இருக்கிற ஹெட்போன்களை எல்லாம் நாங்கள் மாட்டிக்கொண்டோம். ஒரு ஹெட்போனுக்கு மூன்று காது. அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல், சாப்பாடு ஆயிற்றா, ஊரில் மழை உண்டா என்று சாவகாசமாக விசாரித்தது. சார் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். பிறகு அந்தக் குரல், "பொண்ண எங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்கு. பையன் இதைத்தான் கட்டுவேன்னு நிக்கறான். தை மாசமே வெச்சுக்கலாமா?" என்றது. கரீம் பாய் ஹெட்போனோடு எழுந்து குதித்தார். மாடியிலிருந்து ரோஸ்லின் விசில் அடித்தாள். எக்ஸ்சேஞ்சே ஓவென்று கத்தியதில் சாருக்குத் தன் குரலே கேட்கவில்லை. திருச்சிச் சம்பந்தி மெல்லக் கேட்டார்: "ஏங்க, உங்க வீட்டுல மட்டும் இத்தனை பேரா? அப்போ மண்டபத்தைக் கொஞ்சம் பெருசாவே பாத்துடுங்க!"

அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த ஆபீசர் வந்து, "எல்லா லைனும் தாளில் ஏறிவிட்டது" என்று நெஞ்சை நிமிர்த்தினாலும், "ரொம்ப சந்தோஷம் சார், எதற்கும் ஒரு தடவை உங்க வீட்டுக்குப் போன் போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.